கொழும்பில் பாடசாலைப் பிள்ளைகளை இயற்கைப் பாடத்துக்கு எந்தப் பூங்காவுக்குக் கூட்டிப் போகலாம்? அதனால் உண்மையிலேயே பயன் உண்டா?

பூங்காவின் பெயருக்கு முன் ஓர் எண்ணைச் சொல்லிவிடுகிறேன். 30 பிள்ளைகளுக்கு மேல் கூட்டிப் போக வேண்டாம். இதைப் பட்டுத்தான் தெரிந்துகொண்டேன்.

வெள்ளவத்தைப் பக்கம் ஒரு தமிழ் மொழிமூலப் பாடசாலையில் தரம் 7க்கு விஞ்ஞானம் படிப்பிக்கிறேன். முதல் தடவை போனபோது தரம் 6, 7 இரண்டையும் சேர்த்து 120 பிள்ளைகள், மூன்று பஸ். இடாப்புக் கூப்பிட்டு முடிக்கவே எட்டரை ஆகிவிட்டது, அப்புறம் நுகேகொடைச் சந்தி நெரிசல், இடையில் ஒரு பிள்ளைக்கு வாந்தி. பூங்காவுக்குள் காலடி வைத்தபோது மணி பதினொன்று. அந்த வெயிலில் எந்தப் பறவை வெளியே நிற்கும்? வழிகாட்டி அருமையான மனிதர், ஆனால் சிங்களத்தில்தான் சொன்னார். நான் தமிழில் திருப்பிச் சொன்னது மூன்றாவது வரிசையைத் தாண்டவில்லை. அடுத்த நாள் "பிடித்ததைப் பற்றி எழுதுங்கள்" என்றேன். பாதிப் பேர் வாசலில் நின்ற ஐஸ்கிறீம் வானைப் பற்றி எழுதியிருந்தார்கள். அவர்களைக் குறை சொல்ல மாட்டேன். அன்றைக்குக் கிட்டத்தில் பார்க்கக் கிடைத்தது அது ஒன்றுதான்.

அடுத்த வருடம், 2019 பெப்ரவரியில், 28 பேரை மட்டும் பெத்தகான ஈரநிலப் பூங்காவுக்குக் கூட்டிப் போனேன். கோட்டேயில், நாடாளுமன்ற ஏரிக்குக் கிட்ட, ஏறக்குறைய 18 ஹெக்டயர் சதுப்பு நிலம். தண்ணீருக்கு மேல் நடைபாதை போட்டிருக்கிறார்கள், மறைந்து நின்று பறவை பார்க்கவும் இடம் இருக்கிறது. திறக்கும் நேரத்துக்கே வாசலில் நின்றோம். இந்தத் தடவை சுற்றிக் காட்டவே இல்லை. ஏழு ஏழு பேராகப் பிரித்து நான்கு இடங்களில் உட்கார வைத்தோம். ஆளுக்கு ஒரு பென்சில், ஒரு தாள். இருபது நிமிடம் எழும்பக்கூடாது, பார்த்ததை எழுது அல்லது கீறு. பெயர் தெரியாவிட்டால் நீயே ஒரு பெயர் வை.

முதல் ஐந்து நிமிடம் சிரிப்பும் கிசுகிசுப்பும்தான். அப்புறம் ஒரு பையன் "டீச்சர், முதலை!" என்றான். முதலை இல்லை, கபரகொய்யா. உடும்பைவிடப் பெரிய சாதி, இது தண்ணீரோடு பழகியது. நடைபாதைக்கு ஆறு ஏழு அடி தூரத்தில் சேற்றோரமாக மெதுவாக வந்தது. இரண்டு மூன்று அடி வைக்கும், நிற்கும், பிளந்த நாக்கை நீட்டி இழுக்கும். "ஏன் டீச்சர் நாக்கை நீட்டுது?" நான் வாய் திறக்க முன் பக்கத்தில் இருந்த பிள்ளை, "அது மணம் பிடிக்குது" என்றாள். எங்கே படித்தாளோ தெரியாது, சொன்னது சரி. பாடப் புத்தகத்தில் ஊர்வனவைக் கடந்து போக எனக்கு ஒரு பாடவேளை போதும். அன்று ஒரே ஒரு கபரகொய்யாவுக்கு எட்டு நிமிடம் போனது, ஒருவரும் அசையவில்லை.

பெயர் வைக்கும் விளையாட்டு நான் நினைத்ததைவிட நன்றாக வேலை செய்தது. நீல உடம்பு, சிவந்த சொண்டு, நீண்ட விரல்களோடு நாணலுக்குள் நடந்த தாழைக்கோழிக்கு ஒருத்தி "கல்யாணக் கோழி" என்று பெயர் வைத்தாள். சரியான பெயரைப் பிறகு சொல்லிக் கொடுத்தேன். இன்றுவரை எங்கள் பாடசாலையில் அது கல்யாணக் கோழிதான். இன்னொரு குழு சேற்றில் நின்ற ஒரு மரத்தில் அன்னமுன்னா போலக் காய் கண்டு, தின்னலாமா என்று கேட்டது. சிங்களத்தில் வெல் ஆத்தா என்பார்கள். அன்னமுன்னாவின் சொந்தக்காரன்தான், ஆனால் அமெரிக்கக் கண்டத்திலிருந்து வந்து கொழும்புச் சதுப்புகளைப் பிடித்து வைத்திருக்கிற மரம். ஆக்கிரமிப்புத் தாவரம் என்ற சொல்லைப் பலகையில் எழுதிப் படிப்பித்த காலத்தில் இப்படி ஒரு கேள்வி வந்ததே இல்லை.

அங்கே போக எனக்கு இன்னொரு காரணமும் இருந்தது. அந்தச் சதுப்பின் தண்ணீர் கால்வாய் வழியாகக் கிருலப்பனை பக்கம் வந்து, வெள்ளவத்தையில்தான் கடலில் விழுகிறது. பிள்ளைகள் தினமும் மூக்கைப் பொத்திக்கொண்டு பாலத்தில் கடக்கிற அதே கால்வாய்தான். தாளில் ஒரு கோடு கீறிக் காட்டினேன். மழை கொட்டும்போது இந்த நிலம் தண்ணீரைப் பிடித்து வைத்து மெதுவாக விடுகிறது, நிலத்தை நிரப்பிவிட்டால் தண்ணீருக்குப் போக்கிடம் இல்லை, 2010 நவம்பரில் நாடாளுமன்ற வளவுக்குள்ளேயே வெள்ளம் வந்தது என்றேன். அதுவரை வாயே திறக்காத ஒரு பையன், கொலன்னாவைப் பக்கத்திலிருந்து வருகிறவன், அப்போதுதான் பேசினான். "எங்க வீட்டுக்குப் பின்னால முந்தி இப்படித்தான் இருந்துச்சு டீச்சர். பிறகு லொறியில மண் கொண்டுவந்து கொட்டினாங்க." 2016 மே வெள்ளத்தில் அவர்கள் வீட்டில் ஜன்னல் வரை தண்ணீராம். எவ்வளவு நேரத்தில் ஏறியது, எத்தனை நாள் நின்றது, எந்தப் பக்கத்தால் வடிந்தது எல்லாம் சொன்னான். களனி ஆறு பெருகிய வெள்ளம் அது, சதுப்பை மட்டும் காரணம் சொல்ல முடியாது என்பதையும் அங்கேயே பேசினோம். நான் தயாரித்துக்கொண்டு போன விளக்கத்தை அத்தோடு மடித்து வைத்துவிட்டேன். அவன் சொன்னதில் இல்லாத எதுவும் அதில் இருக்கவில்லை.

2018இல் கொழும்புக்கு, ஈரநிலங்களைக் காக்கும் சர்வதேச உடன்படிக்கையான ராம்சாரின் ஈரநில நகரம் என்ற அங்கீகாரம் கிடைத்தது. உலகில் முதலாவதாக அதைப் பெற்ற 18 நகரங்களில் ஒன்று. மீன்பிடிப் பூனையும் நீர்நாயும் இந்த நகரத்துச் சதுப்புகளில் இன்னும் இருக்கின்றன. இரண்டும் பெரும்பாலும் இருட்டில் நடமாடுகிறவை. காட்டுவதாகப் பிள்ளைகளுக்கு வாக்குக் கொடுத்துவிடாதீர்கள், நான் கொடுத்து முழித்தேன்.

வேறு இடங்கள் என்றால் தலவத்துகொடையில் தியசரு பூங்கா இருக்கிறது, அதுவும் ஈரநிலம்தான், இன்னும் விசாலம். பஸ்ஸுக்குப் பணம் சேரவில்லையா, விகாரமகாதேவிப் பூங்கா போதும். பெரிய மரங்களில் தாளை வைத்துக் கிரெயோனால் தேய்த்துப் பட்டையின் பதிவு எடுக்கச் சொல்லுங்கள், ஒரு மணித்தியாலம் போவதே தெரியாது. கொள்ளுப்பிட்டி, கொம்பனித்தெருப் பாடசாலைகளுக்கு பேர வாவியே நடை தூரம். கூழைக்கடாக்களைப் பார்க்க அதற்கு மேல் எங்கே போவது?

வலயக் கல்விப் பணிமனை அனுமதியும் பெற்றோர் சம்மதக் கடிதமும் முன்கூட்டியே வேண்டும், அதில் இழுபடும் நாட்களைக் கணக்கில் வையுங்கள். பூங்காவுக்கு முதலிலேயே தொலைபேசி எடுத்து, தமிழில் சொல்ல ஆள் உண்டா என்று கேளுங்கள். இல்லை என்றால் அதற்கு முந்தின வாரமே நீங்கள் ஒரு தடவை போய் நடந்து பார்த்துவிடுங்கள். வலசைப் பறவைகள் நிற்கிற ஜனவரி முதல் மார்ச் வரை நல்ல காலம். ஆனால் அதுதான் இல்ல விளையாட்டுப் போட்டிக் காலமும், அதிபரிடம் திகதி வாங்குவது உங்கள் சாமர்த்தியம். நீளக் காற்சட்டை, நுளம்புக்குப் பூச ஏதாவது, ஆளுக்கொரு தண்ணீர்ப் போத்தல். மாலு பணிஸை மட்டும் வாசலிலேயே சாப்பிட்டு முடிக்கச் சொல்லுங்கள். உள்ளே போய்ப் பிரித்தால் அன்றைக்குக் காகத்தைத் தவிர வேறு பறவை பார்க்கக் கிடைக்காது.