மேற்கோள் குறி விட்டுப்போச்சு, என்ன ஆகும்?

கேள்வி: காசிமேடு மீனவர்களைப் பற்றிய எம்.ஏ. ப்ராஜெக்டில், ஒரு புத்தகத்திலிருந்து எடுத்த பத்திக்கு மேற்கோள் குறி போட மறந்துவிட்டேன். கடைசிப் பக்கத்தில் புத்தகத்தின் பெயர் மட்டும் இருக்கிறது. ரிசல்ட்டை நினைத்தால் தூக்கமே வரவில்லை. ஃபெயில் ஆக்கிவிடுவார்களா?
- மாணவி, தண்டையார்பேட்டை

பதில்: பயப்படாதேம்மா. பல்கலைக்கழக மானியக் குழுவான யூஜிசியின் 2018 விதிகளில், ஆய்வேட்டில் பிறர் எழுத்தோடு ஒத்துப்போகும் பகுதி 10 சதவீதம் வரை இருந்தால் தண்டனையே இல்லை, அதற்கு மேல் 40 வரை போனால்கூட 6 மாதத்துக்குள் திருத்திக் கொடுக்கத்தான் சொல்கிறார்கள், துணைநூல் பட்டியலெல்லாம் அந்தக் கணக்கில் சேராது. ஒரு பத்தி எவ்வளவு வந்துவிடப் போகிறது? ஆனால் சும்மா இருந்துவிடாதே. அவர்களாகக் கண்டுபிடித்துக் கேட்டால் பதில் சொல்வது கஷ்டம். நாளைக்கே கைடைப் பார்த்து, எந்தப் பக்கம், எந்தப் பத்தி என்று நீயே சொல்லிவிடு, திருத்திய பக்கத்தையும் கையோடு எடுத்துப்போ. அப்புறம், உங்கள் கல்லூரியில் இதற்குத் தனி விதி உண்டா என்று அவரிடமே கேட்டுக்கொள்.