ஏப்ரலில் நாய்களை விட்டுப் போகிற தம்பிக்கு

தம்பி, வடக்கு நோர்வேயின் ட்ரொம்சோ நாய்ப் பண்ணையில் சீசன் முடிகிறது என்று எழுதி மூன்று விஷயம் கேட்டிருக்கிறீர்: பனிவண்டி இழுத்த அணியிடம் எப்படி விடைபெறுவது, ஓய்வுபெறும் நாய் ஒன்றை ஒஸ்லோவுக்குக் கொண்டு போகலாமா, வரிக் கணக்கு என்ன மாதிரி. வரியை வரித் திணைக்களத்திடமே கேளும். விடுமுறைப் பணத்தை மட்டும் விட்டுவிடாதேயும். சம்பளத்தில் குறைந்தது 10.2 வீதம், வேலை முடிந்தால் கடைசிச் சம்பளத்தோடு வரவேண்டும். "தங்க இடம் தந்தோமே" என்று மழுப்புகிற முதலாளிமார் இருக்கினம். வேலைச் சான்றிதழும் சட்டப்படி உமது உரிமை.

கடைசி ஓட்டம் முடிந்ததும் கட்டிப்பிடித்து அழப் போவதாக எழுதியிருக்கிறீர். வேண்டாம். கயிற்றில் நிற்கிற அணியில் ஒன்றை மட்டும் கொஞ்சினால் பக்கத்து நாய் பாயும், கயிறு சிக்கும், கடிபாட்டில் முடியும். வழக்கம்போலவே செய்யும். ஏப்ரல் பகலில் பனி இளகும், பூச்சியத்துக்கு மேலே போனால் ஹஸ்கிக்குச் சூடேறிவிடும். அதனால் விடியலிலேயே ஓடும். பனியைக் கவ்விக் கவ்வி ஓடினால், பின்கால் தள்ளாடினால், உடனே நிறுத்தும். திரும்பி வந்ததும் வண்டியின் பனி நங்கூரத்தை மிதித்து இறக்கி, வண்டியைக் கம்பத்திலும் கட்டும். முதலில் எல்லா நாயினதும் வாரின் பின்பக்கம் வண்டியை இழுக்கிற இழுகயிறைக் கழற்றும், பிறகுதான் கழுத்துக் கயிறு. மாறிச் செய்தால் அரைகுறையாகக் கட்டிய அணி வண்டியோடு கிளம்பிவிடும்.

இறைச்சித் தண்ணீர் குடித்து அடங்கிய பிறகு ஒவ்வொன்றாக அதன் கூட்டடிக்குப் போம். விரலிடுக்கில் வெடிப்பு, கக்கத்தில் வார் உரசிய புண், நகம், விலா எலும்பு, எல்லாம் தடவிப் பாரும். விடைபெறுவதென்றால் அதுதான். மிச்சக் கறியைக் கொண்டு போகாதேயும்: வெங்காயமும் உள்ளியும் நாயின் சிவப்பணுவை அழிக்கும், அவித்த கோழி எலும்பு உடைந்து குடலில் குத்தும்.

அழுகிற நேரத்தில் அடுத்து வருகிறவருக்கு ஒரு கொப்பியில் எழுதி வையும். "காது மடிந்த கறுப்பி: இடப்பக்கம் மட்டும் ஓடும், சும்மா நின்றால் கழுத்துக் கயிறைக் கடிக்கும், பின் வலக்காலுக்குச் சப்பாத்து வேணும், வெறுந்தண்ணீர் குடியாது." இந்தமாதிரி. இது இல்லாத பண்ணையில் புதுஆள் வந்து இரண்டு கிழமைக்குள் பாதத்தைக் கெடுத்துப்போடுவார்.

கிழட்டு நாய் விஷயத்தில்தான் எனக்குக் கோபம். ஒன்பது, பத்து வயதில் ஓய்வு, பிறகும் சில வருஷம் இருக்கும். எங்கட ஆக்கள் சிலர் படம் போடுவதற்கென்று எடுத்து, மூன்றாம் மாதம் திருப்பிக் கொடுக்கினம். வெளியிலேயே வளர்ந்த நாய்க்கு மாடிப்படியும் வழுக்கும் தரையும் தெரியாது. முதல் கிழமைகளில் இரண்டு மணித்தியாலத்துக்கு ஒருக்கால் வெளியே கொண்டு போகவேணும். அல்டாவில் தொடங்கும் 1,200 கிலோமீற்றர் பின்மார்க்ஸ்லோப்பே மாதிரிப் பனிவண்டிப் பந்தயத்தில் நாளுக்கு 10,000 கலோரி வரை எரிக்கிற உடம்பு, ஃபிளாட்டில் 1,500க்குள் போதும். பண்ணைச் சாப்பாட்டை பத்து நாளில் படிப்படியாக மாற்றும், இல்லாவிட்டால் வயிற்றோட்டம். ஏப்ரல் 1 முதல் ஓகஸ்ட் 20 வரை நாடு முழுக்க நாயைக் கயிற்றில்தான் கொண்டு போகவேணும். ஆடும் கலைமானும் திரிகிற இடத்தில் ஹஸ்கியை எந்த மாதமும் அவிழ்க்கக்கூடாது. நாயின் தோலடியில் இருக்கிற அடையாளச் சிப்பை உமது பெயருக்கு மாற்றி, கையெழுத்திட்ட ஒப்பந்தம் வாங்கும். தனியாக விட்டால் ஊளை, அயலவர் முறைப்பாடு. முடிந்தால் இரண்டாக எடும்.

வடக்கு மீன்பிடி ஊர்களான வார்டோவிலும் போட்ஸ்பியோர்டிலும் மீன் வெட்டிய காலத்து எங்கட சனத்துக்கு நாய் என்றாலே பயம். வடக்கைத் தண்டனை என்று சொல்லி ஒஸ்லோவுக்கு ஓடினவையும் உண்டு. இருந்து பழகினவைக்கு மைனஸ் இருபதிலும் கையுறையைக் கழற்றி முடிச்சுப் போட வரும்.

ஒஸ்லோ வந்தபிறகு, சனிக்கிழமை மலிவு இறைச்சிக்கு சுவீடன் போகிற காரில் நாயை ஏற்றாதேயும். திரும்பி எல்லை கடப்பதற்கு 24 முதல் 120 மணித்தியாலத்துக்கு முன் நாடாப்புழு மருந்து கொடுத்து, மிருக வைத்தியர் நாயின் பாஸ்போட்டில் பதிந்திருக்கவேணும். சுங்கத்தில் மாட்டினால் இறைச்சி இலாபம் எல்லாம் அங்கேயே போய்விடும்.