ஒரே தலைப்பு, பல எழுத்து: ஸ்கீமா கேள்வி-பதில்

கேள்வி: வரும் தரவுக் கோப்புகளில் ஒரே தலைப்பு 'இன்வாய்ஸ் நம்பர்', 'இன்வாய்ஸ் நோ', 'இன்வ்நோ' என்று மூன்று விதமாக வருகிறது. டிஎஃப்டிஎல் ஸ்கீமாவில், அதாவது கோப்பின் அமைப்பை விவரிக்கும் விதித் தொகுப்பில், மூன்று எலிமெண்ட் (தரவுப் புலம்) எழுத வேண்டுமா?

பதில்: ஒன்றே போதும். புலத்தின் தொடக்கத்தைக் காட்டும் இனிஷியேட்டரில் பல சொற்களை இடைவெளி விட்டு வரிசையாகத் தரலாம். எது வந்தாலும் கோப்பைப் படிக்கும் பார்சர் ஏற்கும். இடைவெளிதான் அங்கே பிரிப்பான். அதனால் தலைப்புக்குள் இருக்கும் இடைவெளியை %எஸ்பி; என்று எழுதுங்கள். இல்லாவிட்டால் 'நம்பர்' தனித் தலைப்பாகிவிடும். பெரிய எழுத்து, சிறிய எழுத்து வித்தியாசத்தை இக்னோர்கேஸ் என்ற அமைப்பு பார்த்துக்கொள்ளும். உண்மையான கோப்புகளில் கண்ட எழுத்து வடிவங்களை மட்டும் சேர்த்துக்கொள்ளுங்கள். புதிது வந்தால் பிழை வரட்டும், பார்த்துவிட்டுச் சேர்க்கலாம்.

கேள்வி: திரும்ப எழுதும்போது எல்லாத் தலைப்பும் ஒரே மாதிரி ஆகிவிடுகிறதே?

பதில்: அன்பார்ஸ் செய்யும்போது (தரவைத் திரும்பக் கோப்பாக எழுதும்போது) பட்டியலின் முதல் சொல்தான் எழுதப்படும். பெறுபவர் எதிர்பார்க்கும் எழுத்தை முதலில் வையுங்கள். வந்தது வந்தபடியே வேண்டுமென்றால் தலைப்பைத் தனி ஸ்ட்ரிங் (எழுத்துத் தொடர்) எலிமெண்டாக்குங்கள். அதில் எனுமரேஷன் (அனுமதித்த சொற்களின் பட்டியல்) மட்டும் போட்டால் பார்சர் கண்டுகொள்ளாது. அந்தப் பட்டியலோடு ஒப்பிடும் செக்கன்ஸ்ட்ரெயின்ட்ஸ் வைத்த அஸெர்ட்டும் (பொருந்தாவிட்டால் பிழை தரும் நிபந்தனை) வேண்டும்.

கேள்வி: தப்பாக எழுதும் நிறுவனத்தையே திருத்தச் சொன்னால் என்ன?

பதில்: கேட்டுப் பாருங்கள், நம்பி இருக்காதீர்கள். வலைப்பக்கங்களைக் கொண்டுவரும் நெறிமுறையான எச்டிடிபியின் ரெஃபரர் தலைப்பில், ஆங்கில எழுத்தில், ஓர் 'ஆர்' குறைவு. 1996-இல் ஆர்எஃப்சி 1945 என்ற இணைய நெறிமுறை ஆவணத்தில் வந்த அந்தப் பிழை 2022-இன் ஆர்எஃப்சி 9110-இலும் அப்படியே இருக்கிறது.

கேள்வி: ஜேசன் கோப்புகளைச் சரிபார்க்கும் ஜேசன் ஸ்கீமாவில், புலப் பெயர்களை ஒரு வடிவத்தால் பொருத்தும் பேட்டர்ன்ப்ராபர்ட்டீஸ் போதுமா?

பதில்: போதாது. கட்டாயப் புலங்களைப் பட்டியலிடும் ரெக்வயர்டுக்கு ரெகெக்ஸ் (எழுத்து வடிவ விதி) தெரியாது. கட்டாயப் புலம் விடுபட்டாலும் கோப்பு தேறிவிடும். சரிபார்ப்புக்கு முன்பே பெயர்களை ஒன்றாக்கிவிடுங்கள். ஒரே பதிவில் ஒரே தலைப்பின் இரண்டு எழுத்து வடிவமும் வந்தால் நிராகரியுங்கள், இல்லையேல் ஒரு மதிப்பு சத்தமில்லாமல் அழிந்துபோகும்.

கேள்வி: தமிழ்த் தலைப்பு 'கொள்முதல்' கண்ணுக்கு ஒன்றுபோல் இருந்தும் பொருந்தவில்லை.

பதில்: யூனிகோடில் 'கொ' இரண்டு விதமாக வரலாம்: ககரத்தோடு ஒகரக் குறி ஒன்றாக, அல்லது கொம்பும் காலும் தனித்தனிக் குறிகளாக. இரண்டு பக்கமும் என்எஃப்சி என்ற ஒன்றிணைத்த வடிவத்துக்கு மாற்றிவிட்டால் பொருந்திவிடும். ஆனால் மதிப்பெண் பட்டியலில் 'பௌதிகவியல்' இருந்தால் கவனியுங்கள். பலர் ஔகாரக் குறிக்குப் பதில் கொம்பு போட்டு, பக்கத்தில் 'ள' தட்டுகிறார்கள். 'ள' தனி எழுத்து. என்எஃப்சி அதைத் தொடாது. 'பெளதிகவியல்' என்பதையும் கையால்தான் பட்டியலில் சேர்க்க வேண்டும்.