ஈ-ரீடரில் லினக்ஸ் போடலாமா?

கேள்வி: நான் சாட்ஸ்வொர்த்தில் சனிக்கிழமைகளில் பிள்ளைகளுக்குத் தமிழ் வகுப்பு எடுக்கிறேன். நான்கு மாதத்துக்கு முன் டர்பனில் ஒரு கடையில் புதிய கோபோ ஈ-ரீடர் வாங்கினேன். ஆங்கிலப் புத்தகம் அழகாகத் தெரிகிறது. இணையத்தில் எடுத்த தமிழ் ஈபப் நூல்களில் மட்டும் எழுத்து சிதறிப்போகிறது. "உள்ளே இருக்கிறதை முழுக்க அழிச்சிட்டு லினக்ஸ் போட்டா சரியாயிடும் பெரியம்மா" என்கிறான் தங்கை மகன். செய்யலாமா? கேரண்டி போய்விடுமா?

பதில்: அழிக்க வேண்டாம் அம்மா. உங்கள் கோபோவில் ஏற்கனவே லினக்ஸ் என்ற இயங்குதளம்தான் ஓடுகிறது. கோபோ மட்டுமல்ல, கிண்டிலும் லினக்ஸின் கருவான கெர்னலின் மேல்தான் நிற்கிறது. உங்களைப் படுத்துவது அடியில் இருக்கும் லினக்ஸ் அல்ல, அதன்மேல் உட்கார்ந்து பக்கத்தைக் கோத்துத் தரும் வாசிப்பு மென்பொருள்.

'பொங்கல்' என்ற சொல்லை எடுத்துக்கொள்ளுங்கள். கோப்புக்குள் முதலில் 'ப' இருக்கும், அதன் பின்னால் ஒகரக் குறி இருக்கும். அந்தக் குறியை இரண்டாகப் பிரித்து, கொம்பை 'ப'வுக்கு முன்னாலும் காலைப் பின்னாலும் வைப்பது திரையில் எழுத்தை வரையும் மென்பொருளின் வேலை. ஆங்கிலத்துக்கு இந்த வேலையே தேவையில்லை, அதனால் ஆங்கிலப் புத்தகத்தில் குறை தெரிவதில்லை. தமிழில் அதைச் செய்யாமல் விட்டால் கொம்பு எழுத்துக்குப் பின்னால் போய் நிற்கும், புள்ளி தனியாக மிதக்கும். இப்போதுதான் எழுத்துக்கூட்டிப் படிக்கும் பிள்ளைகள் கையில் அப்படி ஒரு பக்கத்தைக் கொடுக்க எனக்கு மனம் வராது.

இதற்கு மருந்து கேஓரீடர் என்ற இலவச வாசிப்பு மென்பொருள். கோபோவின் இயங்குதளத்தை அது அழிப்பதில்லை, பக்கத்தில் வந்து உட்கார்ந்துகொள்கிறது. கருவியைக் கணினியில் யூஎஸ்பி வழியே இணைத்து, சொன்ன இடத்தில் கோப்புகளை வைத்து, கருவியை மறுபடி தொடங்கினால் போதும். எழுத்துகளைச் சேர்த்து வரைய அது ஹார்ஃப்பஸ் என்ற நிரலைப் பயன்படுத்துகிறது. நோட்டோ செரிஃப் தமிழ் போன்ற ஒரு இலவச எழுத்துருவை அதன் எழுத்துருக் கோப்புறையில் போட்டு, கெர்னிங் (எழுத்திடைவெளி) அமைப்பு 'பெஸ்ட்' என்பதில் இருக்கிறதா என்று பாருங்கள். கொம்பும் காலும் அதனதன் இடத்துக்கு வந்துவிடும். கோபோ கடையில் காசு கொடுத்து வாங்கிய, பூட்டுப் போட்ட புத்தகங்களை மட்டும் பழைய மென்பொருளிலேயே படியுங்கள். கேஓரீடர் அவற்றைத் திறக்காது.

ஆனால் இதையும் இன்றைக்கே செய்யாதீர்கள். நம் தென்னாப்பிரிக்காவின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தின் (2008) 56-ஆம் பிரிவு, வாங்கிய பொருளுக்கு ஆறு மாதம் பாதுகாப்புத் தருகிறது. அதற்குள் பழுது வந்தால் பழுதுபார்ப்பதா, மாற்றித் தருவதா, பணத்தைத் திருப்பித் தருவதா என்று முடிவு செய்வது நீங்கள்தான், கடை அல்ல. கடையை விட்டு வந்தபின் பொருளில் நீங்கள் மாற்றம் செய்திருந்தால், அந்த மாற்றத்தின் அளவுக்கு இந்தப் பாதுகாப்பு குறையும். உங்களுக்கு இன்னும் இரண்டு மாதம் மிச்சம் இருக்கிறது. பெட்டியோடு வந்த உத்தரவாத அட்டையில் உற்பத்தியாளர் என்ன சொல்கிறார் என்பதையும் படித்துவிடுங்கள்.

அதுவரை ஃப்ரீ தமிழ் ஈபுக்ஸ் தளத்தில் பல நூல்களுக்குக் கிடைக்கும் ஆறு அங்குல பிடிஎஃப் கோப்புகளைப் பயன்படுத்துங்கள். பிடிஎஃப்பில் எழுத்துகள் வரைந்து முடித்த நிலையில் இருப்பதால் சிதறாது. எழுத்தின் அளவை மட்டும் இஷ்டம்போல் கூட்ட முடியாது. பழைய இலக்கியங்களுக்கு மதுரைத் திட்டம் இருக்கிறது. 1998 பொங்கல் அன்று தொடங்கியது, இலவசம்.

வகுப்புக்காக இன்னொன்று வாங்குவதாக இருந்தால், "இதில் தமிழ் படிக்க வேண்டும்" என்று கடைக்காரரிடம் வாங்கும் முன்பே சொல்லுங்கள், முடிந்தால் மின்னஞ்சலில். எந்தப் பயன்பாட்டுக்கு என்று நீங்கள் தெளிவாகச் சொல்லி, அந்த வகைப் பொருளை வழக்கமாக விற்கும் கடை அதை உங்களுக்குத் தந்தால், பொருள் அந்தப் பயன்பாட்டுக்கு ஏற்றதாக இருக்க வேண்டும் என்கிறது 55-ஆம் பிரிவு. இந்த உரிமை பலருக்குத் தெரிவதில்லை. தெரியாததாலேயே சொல்லாமல் வாங்கிவிட்டுத் தவிக்கிறோம். ஒரு தமிழ் ஈபப் கோப்பையும் கையோடு கொண்டுபோய்க் கடையிலேயே திறந்து பார்த்துவிடுங்கள்.

கேள்வி: டர்பன் பக்கம் ஃபீனிக்ஸில் ஒருவரிடம் பழைய கோபோ கிளாரா எச்டி வாங்கினேன். படிப்பதற்கு மட்டுமல்ல, அதில் போஸ்ட்மார்க்கெட்ஓஎஸ் போட்டு முழு லினக்ஸ் கணினியாக்கிப் பார்க்க ஆசை. கவனிக்க வேண்டியது என்ன?

பதில்: இதற்குப் பொருத்தமான கருவியைத்தான் வாங்கியிருக்கிறீர்கள் தம்பி. 2018-இல் வந்த கிளாரா எச்டியின் சேமிப்பகம் உள்ளே இருக்கும் ஒரு மைக்ரோ எஸ்டி கார்டுதான். பின்மூடியைக் கழற்றினால் கையில் எடுக்கலாம். கழற்றும்போது திரையை அழுத்தாதீர்கள், அதற்குள் இருப்பது மெல்லிய கண்ணாடி.

எடுத்த கார்டில் எதையும் எழுதாதீர்கள். இன்னொரு கார்டு வாங்கி, முதல் கார்டை ஆரம்பம் முதல் கடைசி வரை அப்படியே அதில் பிரதி எடுங்கள். உள்ளே தெரியும் கோப்புகளை மட்டும் இழுத்துப் போட்டால் போதாது. திரைக்கான அலைவடிவ அட்டவணை, வன்பொருள் விவரம் எல்லாம் கார்டில் கோப்புகளுக்கென்று பிரித்த பகுதிகளுக்கு (பார்ட்டிஷன்களுக்கு) வெளியே இருக்கின்றன. மின்மை (ஈ-இங்க்) திரையில் ஒரு புள்ளியைக் கறுப்பாக்க எத்தனை மின்துடிப்பு, எந்த வெப்பநிலையில் எவ்வளவு நேரம் என்று சொல்வது அந்த அட்டவணைதான். அது தொலைந்தால் திரை முந்தைய பக்கத்தின் நிழலோடு மங்கலாக நிற்கும். விளையாட்டெல்லாம் புதுக் கார்டில் இருக்கட்டும், அசல் கார்டை ஒரு கவரில் போட்டுப் பெயர் எழுதிப் பத்திரப்படுத்துங்கள். ஏதாவது ஆனால் அதைத் திரும்பச் செருகினால் பழைய கோபோ வந்துவிடும்.

அப்புறம், எதிர்பார்ப்பை அளவோடு வைத்துக்கொள்ளுங்கள். அல்பைன் லினக்ஸை அடிப்படையாகக் கொண்ட போஸ்ட்மார்க்கெட்ஓஎஸ் 2017-இல் வெளிவந்தது, நல்ல முயற்சி. ஆனால் உங்கள் கருவியில் ரேம் 512 எம்பி, உலாவியைத் திறந்தாலே திணறும். மின்மைத் திரையை இயக்கும் மென்பொருள் (டிரைவர்) தன்னார்வலர்கள் தனியே பராமரிப்பது, அதிகாரபூர்வ கெர்னலோடு சேர்ந்து வருவதில்லை. பேட்டரிதான் பெரிய இழப்பாக இருக்கும். கோபோவின் சொந்த மென்பொருள் ஒரு பக்கத்துக்கும் அடுத்த பக்கத்துக்கும் இடையில் செயலியைத் தூங்க வைத்துவிடும், அதனால்தான் வாரக்கணக்கில் சார்ஜ் நிற்கிறது. அந்தத் தூக்கம் சரியாக அமையாத இயங்குதளத்தில் வாரம் நாளாகிவிடும். லோட் ஷெடிங் இரவுகளில் ஈ-ரீடர் எவ்வளவு கைகொடுத்தது என்று நினைத்துப் பார்த்தால், படிப்பதற்கான கருவியை இதற்கு நான் ஒருபோதும் தரமாட்டேன். லினக்ஸ் கற்றுக்கொள்ள ஒரு பழைய கருவி என்றால் தாராளமாகச் செய்யுங்கள்.

ஒன்று மட்டும் நினைவில் இருக்கட்டும். தொழிலாக இல்லாமல் தன் பொருளைத் தனிப்பட்ட முறையில் விற்றவரிடம் வாங்கியதற்கு அந்த ஆறு மாதப் பாதுகாப்பு கிடையாது. 'ஃபுட்ஸ்டூட்ஸ்' என்று சொல்லி விற்றிருந்தால் இருந்தபடியே ஏற்றுக்கொண்டதாக அர்த்தம். குறை தெரிந்தே மறைத்து விற்றார் என்று காட்ட முடிந்தால்தான் வழக்கு நிற்கும். அதனால் மூடியைக் கழற்றும் முன், இருக்கிற மென்பொருளிலேயே ஒரு வாரம் பயன்படுத்தி, திரை, தொடுதல், சார்ஜ் எல்லாம் பாருங்கள்.

கேள்வி: ஐந்தாவது மாதத்தில் என் ஈ-ரீடரின் பவர் பட்டன் உடைந்துவிட்டது. நான் கேஓரீடர் போட்டிருந்ததால் எதுவும் செய்ய முடியாது என்கிறது கடை. சரியா? – லெனேசியா வாசகர்

பதில்: என் பார்வையில் சரியில்லை. மாற்றம் செய்த அளவுக்குத்தான் சட்டம் விலக்குத் தருகிறது, முழுப் பொருளுக்கும் அல்ல. வாசிப்பு மென்பொருள் பிளாஸ்டிக் பட்டனை உடைக்காது. கேஓரீடர் போட்டதை மறைக்காமல் எழுதி, 56-ஆம் பிரிவைக் குறிப்பிட்டு, ரசீது நகலோடு கடைக்குக் கடிதம் கொடுங்கள். பதில் வராவிட்டால் நுகர்வோர் பொருள்கள் மற்றும் சேவைகள் ஓம்புட் என்ற குறைதீர்ப்பு அமைப்பிடம் புகார் செய்யுங்கள், நுகர்வோருக்குக் கட்டணம் இல்லை. பழுதுபார்த்துத் தந்தபின் மூன்று மாதத்துக்குள் அதே கோளாறு திரும்ப வந்தால், கடை மாற்றித் தர வேண்டும் அல்லது பணத்தைத் தர வேண்டும். எந்தத் தேதியில் பழுதுபார்த்தார்கள் என்பதை எழுத்தில் வாங்கி வைத்துக்கொள்ளுங்கள்.