போர்க்கப்பலில் தொற்றுநோயாளியை எங்கே வைப்பது? கேள்வி பதில்

கப்பலுக்குள் தூக்கிச் செல்லக்கூடிய தனிமைப்படுத்தும் கருவிகள் பற்றி நண்பர்கள் கேட்டவை. பதில் சொல்பவர் கப்பல் ஏசி, காற்றோட்ட வேலையில் இருப்பவர்.

போர்க்கப்பலில்தான் சிக் பே (கப்பலின் மருத்துவ அறை) இருக்குமே, அப்புறம் தனிக் கருவி எதற்கு சார்? (நர்சிங் மாணவி)

இருக்கும்மா. ஆனால் அது கை முறிந்தவனுக்கும் குடல்வால் வலி வந்தவனுக்கும் போதும். இருமுகிறவனை அங்கே படுக்கவைத்தால், அவன் விட்ட காற்று ஏசி டக்ட் வழியாக அடுத்த அறைக்கும் போக வாய்ப்புண்டு. மாலுமிகள் தூங்குவதோ மூன்றடுக்குக் கட்டில்களில். 2020 மார்ச்சில் அமெரிக்காவின் தியோடர் ரூஸ்வெல்ட் விமானந்தாங்கிக் கப்பலில் இருந்தவர்கள் ஏறக்குறைய 4,800 பேர். அதில் 1,200க்கும் மேற்பட்டோருக்குக் கொரோனா வந்தது, ஒருவர் இறந்தார். பிரான்ஸின் சார்ல் தெ கோல் கப்பலில் அடுத்த மாதமே ஆயிரத்தைத் தாண்டியது. ரூஸ்வெல்ட்டில் தொற்றியவர்களில் சுமார் 45 சதவீதம் பேருக்குக் கடைசிவரை அறிகுறியே இல்லை. இந்தக் கணக்கை மறக்காதீர்கள், கீழே தேவைப்படும்.

நெகடிவ் பிரஷர் என்பது எவ்வளவு? பெரிய பம்ப் வேண்டுமா? (டிப்ளமோ மெக்கானிக்)

அறைக்குள் அழுத்தம் வெளியைவிடச் சற்றுக் குறைவாக இருந்தால் காற்று உள்ளேதான் வரும், வெளியே கசியாது; அதுதான் நெகடிவ் பிரஷர். ஆஸ்பத்திரித் தனிமை அறைகளுக்குச் சொல்லும் குறைந்தபட்சம் 2.5 பாஸ்கல் (அழுத்த அலகு). தண்ணீர் உயரத்தில் கால் மில்லிமீட்டர், அவ்வளவுதான். ஒரு ஃபேனும் ஹெப்பா (HEPA) என்ற நுண்துகள் ஃபில்டரும் போதும். அந்த ஃபில்டர் 0.3 மைக்ரான் துகளில் 99.97 சதவீதத்தைப் பிடிக்கும். மணிக்கு 12 முறை காற்று மாற வேண்டும். 30 கன மீட்டர் கேபின் என்றால் மணிக்கு 360 கன மீட்டர். அந்த வேகத்தில் காற்றில் மிதப்பதில் 99 சதவீதம் வெளியேற 23 நிமிடம் ஆகும். ஃபேன் சின்னதுதான், வம்பு பண்ணுவது கதவு. யாராவது திறந்தால் அந்தக் கால் மில்லிமீட்டர் போயே போச்சு. அதனால்தான் இரண்டு ஜிப் வைத்த சின்ன முன்னறை ஒன்றைத் துணியிலாவது கட்டச் சொல்கிறேன்.

கொச்சியில் ஐம்பதாயிரம் ரூபாயில் பாட் (pod, நோயாளியைப் படுக்கவைத்து மூடித் தூக்கிச் செல்லும் கூண்டு) செய்தார்களே, அதையே எல்லாக் கப்பலுக்கும் கொடுக்கலாமே? (வாசகர், கோவை)

2020இல் கொச்சி கடற்படை விமானப் பட்டறை செய்தது: அலுமினியம், பெர்ஸ்பெக்ஸ் என்ற கண்ணாடி மாதிரி பிளாஸ்டிக், 32 கிலோ எடை. இறக்குமதிப் பாட் 59 லட்சம் என்றார்கள். அருமையான வேலை, சந்தேகமில்லை. ஆனால் அது ஹெலிகாப்டரில் நோயாளியைக் கொண்டுபோவதற்கு. பயணத்துக்கானதில் ஒருவாரம் படுக்கவைக்க முடியாது. கப்பல் ஆடும்போது குமட்டி வாந்தி எடுத்தால் உள்ளே என்ன செய்வீர்கள்? என் கருத்து: தூக்கிச் செல்ல பாட், தங்கவைக்க ஃபேன் பொருத்திய கேபின். இரண்டையும் ஒரே பெட்டியில் திணிக்கப் பார்த்தால் இரண்டுமே உருப்படாது.

அந்த பாட் கூண்டுக்குள் காற்று தரும் ஃபேன் நின்றுவிட்டால்? (அதே மெக்கானிக்)

நல்ல கேள்வி தம்பி. சும்மா படுத்திருப்பவர் நிமிடத்துக்குச் சுமார் கால் லிட்டர் கார்பன் டை ஆக்சைடு விடுவார். உள்ளே 200 லிட்டர் காற்று இருந்தால் 24 நிமிடத்தில் 3 சதவீதம். காய்ச்சல்காரருக்கு இன்னும் சீக்கிரம். ஆகவே பேட்டரி இரண்டு, அலாரம், வெளியிலிருந்து ஒரே இழுப்பில் திறக்கும் மூடி. ஆக்சிஜன் மாஸ்க் போட்டால் கசிவு உள்ளேயே தங்கும், தீ ஆபத்து. தீப்பொறி வரும் மோட்டாரை வெளியே வையுங்கள்.

எங்கள் கப்பலில் அணு, ரசாயனத் தாக்குதலுக்காக உள்ளே அழுத்தம் அதிகமாக வைப்போம். நீங்கள் குறைக்கச் சொல்கிறீர்களே? (ஓய்வுபெற்ற கடற்படை வீரர்)

ஐயா, முரண்பாடு இல்லை. அறை பக்கத்து நடைவழியைவிடக் குறைவாக இருந்தால் போதும், வெளிக்கடலைவிட அல்ல. ஆனால் காற்றை ஹல் (கப்பலின் வெளிச்சுவர்) வழியாக வெளியே தள்ளினால் உங்கள் சிட்டாடல், அதாவது நீங்கள் அழுத்தம் ஏற்றி மூடிவைக்கும் பகுதியின் அழுத்தம் கசியும். எனவே ஹெப்பா வழியாக வடிகட்டி உள்ளேயே விட வேண்டும். ஃபில்டர் மாற்றுவது அதனால் பெரிய காரியம்: பையோடு கழற்றி, பையோடு மூட வேண்டும்.

கடற்படைக் கப்பல் ஜலஷ்வா கொழும்பிலிருந்து எங்கள் ஊருக்கு ஆட்களைக் கொண்டுவந்ததே, பாட் வைத்தா? (தூத்துக்குடிக்காரர்)

2020 ஜூன் தொடக்கத்தில் ஏறக்குறைய 700 பேர் வந்தார்கள். அங்கே முக்கியம் இடப்பிரிவு: பயணிகள் ஒரு பகுதி, மாலுமிகள் வேறு பகுதி. துருப்புகளை ஏற்றக் கட்டிய கப்பல், இடம் இருந்தது. சின்னக் கப்பலில் அந்த வசதி கிடையாது. அறிகுறி இல்லாத 45 சதவீதத்தை நினையுங்கள். அவர்கள் யாரென்று தெரிவதற்குள் பாட் தீர்ந்துபோகும். பத்துப் பேருக்கு மேல் போனால் கரைதான் ஒரே வழி. ரூஸ்வெல்ட் ஆட்களையும் குவாம் தீவில்தான் இறக்கினார்கள்.

பாட் கூண்டை பிளீச் ஊற்றித் துடைக்கலாமா?

அலுமினியச் சட்டத்தில் வேண்டாம், அரிக்கும்.

கல்லூரி புராஜெக்டாக ஒரு பாட் செய்கிறோம். முதலில் எதைச் சோதிப்பது? (மூன்றாமாண்டு மாணவர்கள்)

சென்சாரை அப்புறம் வாங்குங்கள். அட்டையில் முழு அளவு மாதிரி செய்து, உள்ளே ஓர் ஆளைப் படுக்கவைத்து, செங்குத்து ஏணியிலும் நீர்புகாக் கதவின் குறுகிய வாயிலிலும் நான்கு பேர் தூக்கிப் பாருங்கள். மடங்காமல், திருப்ப முடியாமல் மாட்டினால் டிசைனை மாற்றுங்கள். அதற்குப் பிறகுதான் ஊதுபத்திப் புகை வைத்துக் கசிவு பார்க்கும் வேலை.