உன்யாசி என்றால் எவ்வளவு?

அன்புள்ள ஐயா,

தில்லியை ஒட்டிய காஜியாபாதில் குடியிருக்கிறேன். மனைவி கான்பூர்க்காரர். ஏழு வயதில் ஒரு மகள். செப்டம்பர் 14, இந்தி தினத்தன்று பள்ளியில் இந்திக் கவிஞர் பாரதேந்துவின் ஈரடி ஒன்றை ஒப்பித்து முதல் பரிசு வாங்கினாள். அதை ஆங்கில எழுத்தில் எழுதிவைத்துத்தான் மனப்பாடம் செய்தாள். கான்பூரிலிருந்து பாட்டி வீடியோவில் பேசினால் இவள் ஆங்கிலத்தில் பதில் சொல்கிறாள். பாட்டியும் இப்போது பேச்சைக் குறைத்துக்கொண்டார். இந்திக்கு ட்யூஷன் வைக்கலாமா? நல்ல சிறுவர் பத்திரிகை ஏதாவது உண்டா? தமிழனான நான் இதற்கு மெனக்கெடுவதை ஊரில் உறவினர்கள் துரோகம் என்கிறார்கள். உங்கள் கருத்து என்ன?

ஆர்.

அன்புள்ள ஆர்.,

துரோகமாவது ஒன்றாவது. பாட்டியின் மொழியைப் பேத்தி பேசுவதற்கு யாரிடம் அனுமதி வாங்க வேண்டும்? திணிப்பை எதிர்ப்பதில் நான் உங்கள் உறவினர்கள் பக்கம்தான். ஆனால் அந்தச் சண்டையில் ஏழு வயதுக் குழந்தைக்கு வேலையில்லை.

ட்யூஷன் வேண்டாம். 2020இல் உத்தரப் பிரதேச போர்டு தேர்வில் பத்தாம், பன்னிரண்டாம் வகுப்புகளில் சுமார் 8 லட்சம் பேர் இந்திப் பாடத்தில் தோற்றார்கள். தெருவெல்லாம் இந்தி கேட்டு வளர்ந்த பிள்ளைகள். இன்னொரு பாடமாக்கி உங்கள் மகளையும் அந்த வரிசையில் நிறுத்துவானேன்?

ஒரு காரியம் செய்யுங்கள். உன்யாசி என்றால் எவ்வளவு என்று அவளைக் கேளுங்கள். விழிப்பாள். தில்லி வட்டாரத்தில் இந்தி பேசும் வீட்டுப் பிள்ளைகளே 'இங்கிலீஷில் சொல்லுங்கள்' என்கிறார்கள். 'செவன்டி நைன்' என்றால்தான் அவர்களுக்கு உன்யாசி, அதாவது எழுபத்தொன்பது, விளங்கும்.

சில நாட்களாக இதைத்தான் யோசித்துக்கொண்டிருந்தேன், உங்கள் கடிதம் வந்தது. இந்தி எண்கள் லேசில் மசியாதவை. நூறு வரை ஏறக்குறைய ஒவ்வொன்றையும் தனியாக நெட்டுருப் போட வேண்டும். 29, 39, 49 எல்லாம் அடுத்த பத்துக்கு ஒன்று குறைவு என்ற கணக்கில் வரும். பிடிபட்டுவிட்டது என்று நிமிர்ந்தால் 89இல் அந்த ஒழுங்கு கவிழ்ந்துவிடும். புத்தகத்திலிருந்து இது ஏறாது. கடையில், சமையலறையில், சீட்டாட்டத்தில் காதில் விழுந்து விழுந்துதான் ஏற வேண்டும். அப்புறம் பின்னங்கள். 125 ரூபாய் என்றால் ஸவா ஸௌ, அதாவது ஒன்றேகால் நூறு. அப்படியே 150 டேட் ஸௌ, 175 பௌனே தோ ஸௌ, 250 டாயி ஸௌ. தள்ளுவண்டிக்காரர் இப்படித்தான் விலை சொல்வார். பாட்டியும்தான். பிள்ளை க்யூஆர் அட்டையை ஸ்கேன் செய்கிறது, தொகையை யாரும் வாயால் சொல்வதில்லை.

நீங்கள் கொண்டாடும் அந்த இந்தி தினத்தின் கதையைக் கேளுங்கள். 1949 செப்டம்பர் 14 அன்று அரசியல் நிர்ணய சபை நாகரி எழுத்திலான இந்தியை ஆட்சிமொழியாக ஏற்றது. அதற்கு முன் நடந்த பெரிய சண்டைகளில் ஒன்று எண்களின் வடிவம் பற்றியது. இந்திக்காக வாதாடிய தலைவர் புருஷோத்தம் தாஸ் டண்டன் நாகரி எண்களுக்காக மல்லுக்கு நின்றார். கடைசியில் அரசியலமைப்பின் 343ஆவது பிரிவில் 1, 2, 3 என்ற சர்வதேச வடிவமே நின்றது. அன்று எண்ணின் உருவத்துக்கு அடித்துக்கொண்டார்கள், இன்று எண்ணின் பெயரே போகிறது. அதற்காக ஒரு மேடையிலும் ஒருவரும் கண்ணீர் விடவில்லை. உங்கள் மகள் ஒப்பித்த ஈரடிகூட பாடநூல் இந்தி அல்ல, பிரஜ் என்ற வட்டார மொழி. பாரதேந்து கவிதையைப் பெரும்பாலும் அதில்தான் எழுதினார். பரிசு கொடுத்தவர்கள் அதைச் சொல்லிக்கொடுத்தார்களா?

தில்லி கரோல்பாகில் நான் குடியிருந்த வீட்டுக்காரரின் அம்மாவுக்கு எழுதப் படிக்கத் தெரியாது. ஆனால் முக்கால், ஒன்றேகால், இரண்டரை வாய்ப்பாடுகள் அத்தனையும் நாக்கில் இருந்தன. பச்சைப் பட்டாணி உரித்துக்கொண்டே பால்காரரின் மாதக் கணக்கை முடிப்பார். தினம் ஒன்றேகால் லிட்டர், முப்பது நாள். பேரன் பென்சிலைத் தேடுவதற்குள் 'ஸாடே ஸைந்தீஸ்', முப்பத்தேழரை, என்பார். வாடகையைப் பத்து ரூபாய்த் தாள்களாகத்தான் வாங்குவார். நான் அவற்றை இந்தியில் வாய்விட்டு எண்ண வேண்டும், தடுக்கினால் மறுபடி ஒன்றிலிருந்து. முப்பத்தொன்பதில் எப்படியும் விழுவேன். மருமகளைக் கூப்பிட்டுக் காட்டிச் சிரிப்பார். சிரித்து முடித்ததும் ஒரு டம்ளர் மோர் வரும். எனக்கு வாய்த்த இந்தி ஆசிரியர் அவர்தான், வேறு யாருமில்லை.

உங்கள் விஷயத்துக்கு வருகிறேன். 'பாட்டியும் பேச்சைக் குறைத்துக்கொண்டார்' என்று ஒரு வரி எழுதிவிட்டு ட்யூஷனுக்குத் தாவிவிட்டீர்கள். கடிதத்தின் விஷயமே அந்த வரிதான், ஐயா. குழந்தை மேல் குறை சொல்லாதீர்கள். வீட்டில் நீங்களும் மனைவியும் பணக் கணக்கை எந்த மொழியில் பேசுகிறீர்கள்? போன் நம்பரை எந்த மொழியில் சொல்கிறீர்கள்? முதலில் அதை மாற்றுங்கள். குளிர் தொடங்கும் முன் பாட்டியை அழைத்து வந்து, காய் வாங்கும் பொறுப்பை அவரிடமும் பேத்தியிடமும் விடுங்கள். ரொக்கமாகக் கொடுத்தனுப்புங்கள். பேரம் பேசி மீதியில் பேத்தி ஏமாந்தாலும் பரவாயில்லை, ட்யூஷன் காசைவிடக் குறைவாகத்தான் போகும்.

பத்திரிகை கேட்டிருந்தீர்கள், மறந்தே போனேன். நந்தன் 2020இல் நின்றுவிட்டது. போபாலிலிருந்து ஏகலவ்யா அமைப்பு 1985 முதல் கொண்டுவரும் சக்மக் என்ற சிறுவர் இதழுக்குச் சந்தா கட்டுங்கள். முகவரி மட்டும் காஜியாபாத் வேண்டாம், கான்பூர் கொடுங்கள். பாட்டி படித்துவிட்டு வீடியோவில் கதை சொல்லட்டும்.