கணவரும் நண்பரின் மனைவியும்: போலீஸுக்குப் போகலாமா?

உங்கள் கணவர் நண்பரின் மனைவியோடு ராத்திரியில் வாட்ஸ்அப்பில் பேசுகிறார், போலீஸுக்குப் போகலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். போலீஸில் புகார் கொடுத்துப் பயனில்லை. பிறர் மனைவியோடு வைக்கும் தகாத உறவைக் குற்றமாக்கியிருந்த இந்திய தண்டனைச் சட்டத்தின் 497-வது பிரிவை உச்ச நீதிமன்றம் 2018 செப்டம்பரில் ரத்து செய்துவிட்டது. அது இருந்த காலத்திலும் உங்களால் புகார் கொடுத்திருக்க முடியாது. அந்தப் பெண்ணின் கணவருக்குத்தான் அந்த உரிமை. மனைவிக்கு இப்படியொரு அநியாயம்!

விவாகரத்துக்குத் தகாத உறவு காரணமாகும், இந்து திருமணச் சட்டம் 1955, பிரிவு 13. ஆனால் ராத்திரி வாட்ஸ்அப் பேச்சு மட்டும் அதை நிரூபிக்காது.

இரண்டு குடும்பமும் சேர்ந்து மில் நடத்துவதாகவும், கணக்கு வழக்கை உங்கள் கணவரும் அந்தப் பெண்ணுமே பார்ப்பதாகவும் எழுதியிருக்கிறீர்கள். தொழில் கவலையை உங்களிடம் மறைத்து அவளிடம் கொட்டுகிறார் என்றே எனக்குத் தோன்றுகிறது. நெருக்கம் பெரும்பாலும் அங்கேதான் முளைக்கிறது.

நண்பரிடம் சொல்வதற்கு முன் கணவரிடம் தனியாகக் கேளுங்கள்: "மில் கடன் எவ்வளவு நிக்குது?" கணக்கைக் காட்டினால் மேலே பேச வழியிருக்கிறது. மழுப்பினால், பேங்க் கடனுக்கு நீங்கள் ஜாமீன் கையெழுத்துப் போட்டிருக்கிறீர்களா என்று உடனே பாருங்கள். போட்டிருந்தால், உறவு முறிந்தாலும் அந்தப் பொறுப்பு உங்களை விடாது. நண்பருக்கும் அதே கதிதான். அதனால் நாலு பேரும் உட்கார்ந்து சண்டை போடுவதற்கு முன் வக்கீலைப் பார்த்துவிடுங்கள்.

அவர் போனைத் திருட்டுத்தனமாகத் திறக்காதீர்கள், அது உங்கள் மேலேயே வழக்காகத் திரும்பலாம். கை ஓங்கினாலோ மிரட்டினாலோ மேலே சொன்ன எதற்கும் காத்திருக்க வேண்டாம், பெண்கள் உதவி எண் 181-க்குக் கூப்பிடுங்கள்.